டேபிளுக்கு அந்தப் பக்கம்

பனியன் துணிக்கு நேர்கோடு பிடிக்காது. நெசவுத் துணியில் ஊடும் பாவும் விறைத்து நிற்கும். போட்ட கோடு போட்ட இடத்தில் இருக்கும். பின்னல் துணி முழுக்கக் கண்ணி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், துவைத்தால் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். சாதாரண சிங்கிள் ஜெர்சியைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். ஒரு இன்ச்சுக்குள் முப்பதுக்கு மேல் கண்ணி வரிசை இருக்கும், வரிசைக்கு வரிசை நடுவே ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். மயிரிழைக் கோட்டை அதன்மேல் அச்சடித்தால் பாதி வாய்க்காலில் விழுந்து காணாமல் போகும்.

இது எனக்குத் தெரிந்தது 1994இல், ஒரு கிளியால். பனியனில் ஸ்கிரீன் பிரின்ட் அடிக்க நான் வரைந்த நான்கு கலர் கிளி. ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஃபிலிம் வைத்து, ரோட்ரிங் பேனாவால் கையாலேயே ட்ரேசிங் எடுக்கிற காலம் அது. இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். கண்ணைச் சுற்றி 0.2 பேனாவில் ஒரு வளையம், அதற்குள் இன்னொரு வளையம், நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி. ஃபிலிமில் பார்க்க அத்தனை அழகு. ஸ்கிரீனும் சுத்தமாக எடுத்துக்கொடுத்தது. நீளமான டேபிளில் கட்டிங் பீஸ்களை வரிசையாகப் பசை போட்டு ஒட்டி, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் ஸ்கிரீனைத் தூக்கி வைத்து நடந்துகொண்டே அடிப்பார்கள். முந்நூறு பீஸ் ஓடியிருக்கும். அந்தப் பக்கம் நின்ற பிரின்டர் அண்ணன் மை தள்ளும் ஸ்க்வீஜியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க தம்பி, கிளிக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். கிளிக்குக் கண் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கறை. வளையம் இரண்டையும் துணி குடித்துவிட்டது. “பேனாவுக்குப் புடிச்ச மாதிரிப் போட்டிருக்கறீங்க. மூணு மடங்கு தடிமனாப் போட்டுக் குடுங்க, வெளிச்சப் புள்ளியக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க” என்றார். அவர் எட்டாவது கூடத் தாண்டாதவர். படம் வரையத் தெரியாது. ஆனால் எந்தப் படம் துணியில் நிற்கும் என்று தெரியும். அன்று ராத்திரி அந்தக் கண்ணை மட்டும் பிளேடால் சுரண்டி மறுபடி வரைந்தேன்.

“எங்கே படிச்சீங்க?” என்று கேட்கிறவர்களிடம் “தானாகக் கத்துக்கிட்டதுங்க” என்றுதான் முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். இப்போது அந்தப் பதிலில் ஒரு பொய் இருப்பதாகப் படுகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊத்துக்குளிப் பக்கம். பத்தாம் வகுப்பில் கணக்கு கைவிட்டது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு ஓவியக் கல்லூரி இருக்கிறது என்பதே எனக்கு முப்பது வயதுக்கு அப்புறம்தான் தெரியும். சுவர் விளம்பரம் எழுதும் மாஸ்டர் ஒருவரிடம் சுண்ணாம்பு கலக்கப் போனேன். முதல் வருமானம் 1989 சட்டமன்றத் தேர்தல். அ.தி.மு.க. இரண்டாக உடைந்து இரட்டை இலை முடங்கிக் கிடந்த நேரம். ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. காலையில் ஒரு தெருவில் சேவல், மத்தியானம் அடுத்த தெருவில் புறா. அந்த ஒன்றரை மாதத்தில் எத்தனை பறவை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. எந்தக் கட்சி ஜெயித்தது என்பதைவிடப் புறாவின் கழுத்து வளைவு கைக்கு வந்தது எனக்குப் பெரிய சேதி. மாஸ்டர் உதயசூரியன் கதிர்களை ஆணி அடித்து நூல் கட்டிப் பிரிப்பார். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அவர் எதையும் சொல்லித்தந்தது கிடையாது. கேட்டால் “பாத்துக்க” என்பார். பார்க்க விட்டார், அது போதும்.

திருப்பூருக்கு வந்தபோது இந்த ஊரே என்னை மாதிரி ஆள்களால் ஆனது என்று புரிந்தது. 1925இல் குலாம் காதர் முதல் பனியன் கம்பெனியை ஆரம்பித்தார் என்பார்கள். 1978இல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் வந்து பனியன் வாங்கியதிலிருந்து ஏற்றுமதிக் கதை தொடங்கும். இதற்கு நடுவிலும் அப்புறமும் இங்கே முதலாளி ஆனவர்களில் பலர் காட்டு வேலையிலிருந்து வந்து கட்டிங் டேபிளிலும் டெய்லருக்குக் கை மடித்துக்கொடுத்த இடத்திலும் தொழில் பழகியவர்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரில் தங்கி விசாரித்து 2004இல் ஒரு புத்தகம் போட்டார். எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டால் முதலாளிகள் திரும்பத் திரும்பச் சொன்ன பதில் ‘உழைப்பு’ என்பதுதானாம். கல்லூரியில் படிக்கிற என் மகள் அதைப் படித்துவிட்டுச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அதையே சொல்லியிருப்பேன். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேருடைய உழைப்பை மடித்து வைக்கிறோம் என்பதை யாரும் பிரித்துக் காட்டுவதில்லை.

ராஜா ரவி வர்மாவைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். 1848இல் கிளிமானூரில் பிறந்தவர், சின்ன வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்த ஓவியர் அந்த வித்தையைச் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்துப் போவாராம். அப்புறம் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தபோது, அவர் வரைவதைத் தள்ளி நின்று பார்த்தே மீதியைப் பிடித்துக்கொண்டார் ரவி வர்மா. தானாகக் கற்ற மேதை என்று அவரை உலகம் கொண்டாடுகிறது, சரிதான். எனக்கு அந்த ஆறுமுகம் பிள்ளையைத்தான் பிடிக்கிறது. என் வாழ்க்கையில் அவர் நாலைந்து முகத்தில் வந்திருக்கிறார்.

ஒருவர் அந்தக் கிளியின் பிரின்டர் அண்ணன். அடுத்தவர் பேக்கிங்கில் இருந்த அக்கா. ஏற்றுமதிக்கு ஒரு டி-ஷர்ட், நெஞ்சுக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பாய்மரக் கப்பல். அலை, கடல்புறா, கயிறு என்று எல்லாம் இரண்டு ஓரத்திலும் வைத்து நடுவில் வெறும் பாய். பார்த்துவிட்டு அக்கா ஒரு பீஸை எடுத்து அட்டை வைத்து மடித்து என் கையில் கொடுத்தார். ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் தெரிந்தது. “கடையில இப்படித்தான சாமி வெச்சிருப்பாங்க? பாக்கறவன் என்னன்னு எடுப்பான்?” அதிலிருந்து எந்தப் படம் வரைந்தாலும் காகிதத்தில் பிரின்ட் எடுத்து, பனியன் அளவுக்கு வெட்டி, மடித்துப் பார்ப்பேன். நடுவிலுள்ள எட்டு இன்ச்சுக்குள் கதை தொடங்கியிருக்க வேண்டும். எந்த ஓவியப் பள்ளியிலும் இது பாடமாக இருக்குமா தெரியவில்லை.

கலர் விஷயம் இன்னும் மோசம். வீட்டு டியூப் லைட்டில் சரியாகச் சேர்ந்த சிவப்பு வெயிலில் பழுப்படித்துப் போகும். பையர்கள் லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சிவப்பு இன்னொன்றில் வேறு வேறாக நிற்கும். பேன்டோன் அட்டையிலும் காகிதத்துக்கு ஒரு நம்பர், பருத்தித் துணிக்கு ஒரு நம்பர். நான் காகித நம்பரைத் துணி நம்பர் என்று நினைத்து மை கலக்கச் சொல்லி மூன்று சாம்பிள் திரும்பி வந்தது. ஒரு மெர்ச்சன்டைசர் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர், டீ குடிக்கிற நேரத்தில் பேப்பரில் எழுதிக் காட்டிப் புரியவைத்தார். அந்தப் பேப்பர் இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

இந்தத் தொழிலின் நடுப்பகுதி கலர் பிரிப்பது. வரைவது அதற்கு முன்னால் வருகிற சின்ன வேலை. ஒரு படத்தில் நாற்பது சாயல் இருக்கும். துணியில் ஆறு ஸ்கிரீனுக்குத்தான் காசு. எந்த ஆறு? மஞ்சளின் மேல் நீலம் ஏறினால் வரும் பச்சையை ஓசியில் எடுத்துக்கொள்ளலாமா? பழுப்புக்குத் தனி ஸ்கிரீன் வேண்டுமா, சிவப்பில் கறுப்புப் புள்ளி தெளித்தால் தீருமா? கறுப்புத் துணி என்றால் முதலில் அடியில் வெள்ளை போட வேண்டும், இல்லையென்றால் எந்தக் கலரும் துணிக்குள் செத்துவிடும். அந்த அடி வெள்ளையை மேலே வரும் கலரைவிட ஒரு மயிரிழை உள்ளே இழுத்து வரைய வேண்டும். இழுக்காவிட்டால் ஓரத்தில் வெள்ளை எட்டிப்பார்க்கும். அதிகமாக இழுத்தால் ஓரத்துக் கலர் மங்கி, படம் சோகை பிடித்தது போலத் தெரியும். எவ்வளவு இழுப்பது என்பது துணி எவ்வளவு அசையும் என்பதைப் பொறுத்தது. ரிப் துணிக்கு ஒரு கணக்கு, ஃபிளீசுக்கு ஒரு கணக்கு. துணியைக் கையில் வாங்கி ஒருமுறை இழுத்து விட்டுப் பார்க்காமல் நான் இன்றைக்கும் ஃபைலைத் திறப்பதில்லை.

ரவி வர்மா 1894இல் அச்சகம் ஆரம்பித்து லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோனாரே, அங்கேயும் இதே வேலைதான். கலருக்கு ஒரு கல். அந்தக் கல்லில் சேலையின் சிவப்பை மட்டும், கன்னத்தின் ரோஜா நிறத்தை மட்டும் பிரித்து எடுத்துப் போட்டவர்கள் இருந்தார்கள். படத்துக்கு அடியில் அவர்கள் பெயர் இல்லை. நம் பூஜை அறைச் சுவரில் தொங்குவது பாதி அவர்கள் கை.

நான் செய்த பெரிய தப்புக்கு வருகிறேன். 2003. சொந்தமாக ஒரு டேபிள் போட்டு இரண்டாவது வருஷம். சிவப்பு பாலியஸ்டர் துணியில் விளையாட்டு ஜெர்சி, முதுகில் வெள்ளை நம்பர், ஆயிரத்து இருநூறு பீஸ். அதுவரை பருத்தியில் அடித்த பழக்கத்தில் பிளாஸ்டிசால் மை போட்டு 160 டிகிரியில் கியூரிங் கொடுத்தோம். வெள்ளை பளீரென்று இருந்தது. இழுத்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. துவைத்துப் பார்த்தேன், உரியவில்லை. டெலிவரி கொடுத்து மூன்றாம் நாள் போன் வந்தது. போய்ப் பெட்டியைப் பிரித்தால் நம்பர் முழுக்க ரோஸ் கலர். ஒன்றிரண்டு இல்லை, எல்லாமே, குழந்தையின் ஈறு நிறத்தில். கம்பெனி டெபிட் போட்டது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. துணிக் காசும் தையல் கூலியும் என் தலையில் விழுந்து, எட்டு மாதம் தவணை கட்டினேன். வீட்டில் இருந்த தோடு அப்போது போனது.

காரணத்தைச் சொன்னவர் ஒரு சாயப்பட்டறை மாஸ்டர். பாலியஸ்டருக்குப் போடுகிற சாயம் சூட்டில் ஆவியாகி எழும், மேலே இருக்கிற மைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், உடனே தெரியாது, பெட்டியில் கிடக்கும்போது மெல்ல ஏறும் என்றார். “பருத்திச் சாயம் நூலோட கல்யாணம் பண்ணிக்கிச்சுங்க. பாலியஸ்டர் சாயம் வாடகைக்கு இருக்குது. சூடு பட்டா வீடு மாறிரும்.” குறைந்த சூட்டிலேயே காயும் மை, அடியில் சாயத்தைத் தடுக்கிற சாம்பல் நிறப் பூச்சு என்று வழி இருக்கிறது. தெரிந்தவர்களுக்கு அன்றைக்கே தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாமல் போனதற்கு ஒரே காரணம், நான் யாரிடமும் கேட்கவில்லை. தானாகக் கற்றவன் என்ற வீம்பு. கல்லூரியில் படித்தவன் தெரியாததைக் கேட்க வெட்கப்பட மாட்டான். கேட்பதற்குத்தான் ஃபீஸ் கட்டியிருக்கிறான். நாம்தான் கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்று பயந்து சாவோம். எட்டு மாதத் தவணை அந்தப் பயத்துக்குக் கட்டியது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். புதுத் துணி, புது மை எது வந்தாலும் ஒரு பீஸ் அடித்து, தேதி எழுதி, ஜன்னல் பக்கம் ஒரு வாரம் தொங்கவிடுவேன். ஒரு வாரம் பொறுக்க மாட்டேன் என்கிற ஆர்டரை விட்டுவிடுவேன். சில நல்ல பார்ட்டிகள் அப்படிப் போனார்கள்.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த ஆற்றில் எந்தக் கலர் ஓடுகிறதோ அதுதான் இந்த சீசனில் ஓடுகிற கலர் என்று கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தோம், சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ என்று நாவலே எழுதிவிட்டார், தீர்ப்பு நியாயம்தான். ஆனால் சாயத் துணி வராமல் பிரின்டிங் டேபிளில் எறும்பு ஊர்ந்தது. கோரல் டிராவில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த நான் அந்த மாதங்களில்தான் போட்டோஷாப்புக்குப் போனேன். சொல்லித்தந்தவன் ஒரு ஃபிளெக்ஸ் கடைப் பையன், என் வயதில் பாதி. சுவர் எழுத்துக்காரர்கள் பிழைப்பைப் பிடுங்கியது அந்த ஃபிளெக்ஸ்தான். என் பழைய மாஸ்டர் அதனாலேயே தூரிகையைக் கீழே வைத்தவர். அந்தக் கடையிலேயே போய் உட்கார வேண்டியிருந்தது.

ஒரு போட்டோவைப் புள்ளி புள்ளியாக உடைத்துத் துணியில் கொண்டுவருவது அங்கே பிடிபட்டது. முதலில் அடித்ததெல்லாம் அலை அலையாக வந்தது. புள்ளி வரிசை ஸ்கிரீன் வலையோடும் துணிக் கண்ணியோடும் மோதினால் அப்படித்தான் வரும். இன்ச்சுக்கு 55 வரி, 22.5 டிகிரி சாய்வு, சென்டிமீட்டருக்கு 120 நூல் மெஷ் என்று வந்து நிற்க மூன்று மாதம் ஆனது. ஓவல் பிரின்டிங் மெஷின் ஓட்டுகிற ஒரு தம்பி, “அண்ணா, கண்ணி நேரா இருக்குது, நீங்களும் நேராப் போனா முட்டத்தான செய்யும்? சாஞ்சு போங்க” என்றான். டிகிரி கணக்கு அவனுக்குத் தெரியாது.

காசு பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் வேலை செய்த இடங்களில் ஸ்கிரீனுக்கு பில் உண்டு, மைக்கு உண்டு, ஒரு பீஸுக்கு இத்தனை என்று அடிகூலி உண்டு; டிசைனுக்கு மட்டும் கிடையாது. “படந்தான, போட்டுக் குடுங்க, ஆர்டர் நம்மளுக்குத்தான்” என்பார்கள். படம் போகும், ஆர்டர் வேறு பட்டறைக்குப் போகும். முதல் பத்து வருஷம் இப்படிப் போனது. அப்புறம் டிசைனுக்குத் தனியாக ஒரு சின்னத் தொகை எழுத ஆரம்பித்தேன். பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. தொகை பெரிதில்லை. பில்லில் அந்த வரி இருப்பதுதான் விஷயம். இப்போது என்னிடம் வருகிறவர்கள் அதைக் கேள்வி கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் கோவை ஓவியர் ஜீவா, சினிமா பேனர் வரையும் கூடத்தில் வளர்ந்தவர், உருவப்படங்களுக்கும் ‘திரைச்சீலை’ என்ற புத்தகத்துக்கும் வந்து சேர்ந்தார். அந்த உயரம் எல்லாருக்கும் வாய்க்காது. பில்லில் ஒரு வரி எல்லாருக்கும் வாய்க்கும், கேட்க வேண்டும்.

என் படத்தில் என் பெயர் எங்கேயும் இருக்காது. ஆனால் காதர்பேட்டை பனியன் கடைகள் பக்கம் நடந்தால் செகண்ட்ஸ் குவியலில் எங்காவது தென்படும். ஒருமுறை ரயில்வே ஸ்டேஷனில், பீகாருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு பையன் என் பாய்மரக் கப்பலைப் போட்டிருந்தான். பலமுறை துவைத்தது. கப்பல் கொஞ்சம் சாய்ந்திருந்தது, துணி முறுக்கிக்கொண்டதால். வெள்ளை எட்டிப்பார்க்கவில்லை. ரயில் வரும்வரை அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் என்ன நினைத்தானோ, பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

இப்போது செயற்கை நுண்ணறிவு போட்ட படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி “இதை அடிச்சுக் குடுங்க” என்கிறார்கள். புலியின் மீசை ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னுகிறது. பார்த்ததும் எனக்கு அந்தக் கிளிதான் நினைவுக்கு வரும். மீசையைத் தடிமனாக்கி, கண்ணின் வெளிச்சத்தைப் பெரிதாக்கி, நாலு லட்சம் சாயலை ஏழாகக் குறைப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். படத்தை ஃபிலிமில் அடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றுகிற டிடிஎஃப் மெஷினில் அப்படியே அடித்துவிடலாமே என்பார்கள். நூறு பீஸுக்கு அடிக்கலாம், நானும் அடித்துத் தருகிறேன். பத்தாயிரம் பீஸ் என்றால் ஸ்கிரீனுக்குத்தான் வர வேண்டும்.

சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்தபின் என் டேபிள் காலியாகத்தான் இருக்கும். வரைய ஆசையிருக்கிற பையனோ பெண்ணோ வரலாம், சர்டிபிகேட் எதுவும் தர மாட்டேன். டிராயிங் நோட்டு வேண்டாம். பழைய பனியன் ஒன்று எடுத்து வாருங்கள், நாலு தடவையாவது துவைத்ததாக இருக்கட்டும்.